மருந்தில் இருபத்தாறு வருடம்

13.06.2022 — 318
19.10.2022 — 264
03.04.2023 — 287
15.05.2023 — 301
21.08.2023 — 172
08.01.2024 — 138
17.04.2024 — 121

விருதுநகர் வட்டாரத்தில் தேதியும் எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் வரவு செலவு என்றுதான் எவரும் நினைப்பார்கள். மேலே இருப்பவை சின்னத்தாயின் ரத்தத்தில் இருந்த சர்க்கரை அளவுகள். எல்லாம் காலையில் வெறும் வயிற்றில் எடுத்தவை. டீ குடித்துவிட்டு எடுத்த அளவு ஒன்றும் உண்டு. அதை நான் சேர்க்கவில்லை.

சின்னத்தாய் நாரணாபுரத்துக்காரர். பிறந்தது 1973. அப்பாவும் அம்மாவும் பிறர் காட்டில் பருத்தி எடுத்தவர்கள். மழை பொய்த்த வருடங்களில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனார்கள். எங்கள் பக்கம் தீப்பெட்டி ஆலையும் ஆபீஸ்தான், பட்டாசு ஆலையும் ஆபீஸ்தான். சின்னத்தாய் வெடி ஆபீசில் சேர்ந்த தேதி 10.12.1997. வாசலில் வருகைப் பதிவு எழுதும் வேலை அப்போது என்னுடையது. 2019இல் ஓய்வு பெற்ற பிறகும் ஆலைத் தொழிலாளர்களின் மனுக்களை எழுதிக் கொடுத்து வருவதால், இங்கே சொல்லப்போவதில் பெரும்பகுதி எனக்கு நேரில் தெரியும். மற்றது அவரும் அவர் கணவர் சுடலையும் சொன்னது. இருவரும் வேறு வேறாகச் சொன்ன இடங்களில் சின்னத்தாய் சொன்னதையே எடுத்துக்கொண்டேன். சுடலை லோடு வேன் ஓட்டுகிறவர். வேனைப் போலவே பேச்சிலும் கூடுதல் பாரம் ஏற்றுவார்.

சின்னத்தாய்க்கு வேலை மருந்து அறையில். மருந்து என்று எங்கள் ஊரில் சொன்னால் வெடி மருந்து. பூச்சட்டிக் கூட்டிலும் தரைச்சக்கரத்திலும் அதை நிரப்புவதற்கு மருந்து செலுத்துவது என்று பெயர். அறைக்கு நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அறைக்கும் அறைக்கும் நடுவே நல்ல இடைவெளி விட்டுக் கட்டியிருப்பார்கள். செருப்பை ஆலை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். செருப்பின் அடியில் ஒரு மணல் துகள் ஒட்டி வந்து உரசினாலும் போதும். ரப்பர் அடியால் உடம்பில் மின்னேற்றம் தங்கினாலும் போதும். அதனால் உள்ளே முதலாளியும் வெறுங்கால்தான்.

2022 தொடக்கத்தில் சின்னத்தாயின் பாதம் காந்த ஆரம்பித்தது. மிளகாய் மண்டியில் வற்றல் அம்பாரத்தின் மேல் நடந்தால் எப்படியோ அப்படி என்றார். வேலை நடக்கும்போது அவ்வளவாகத் தெரியாது. வீட்டுக்கு வந்து காலை நீட்டினால் தொடங்கும். ஜூன் மாதம் ஆலையில் நடந்த பரிசோதனையில் சர்க்கரை இருப்பது தெரிந்தது. மாத்திரை கொடுத்தார்கள். காந்தல் உள்ள நாளில் போட்டுக்கொண்டார், இல்லாத நாளில் விட்டுவிட்டார். சுடுதண்ணீரில் காலை வைத்துப் பார்த்தார். வேப்பெண்ணெய் தடவினார். சுடலையிடம் யாரோ சொன்னார்கள் என்று எருக்க இலையைச் சூடாக்கி ஒத்தடமும் கொடுத்தார். காந்தல் குறையவில்லை.

மறு வருடம் ஏப்ரலில் இன்னொரு தொல்லை வந்தது. காந்தல் அப்படியே இருக்க, வெளியிலிருந்து படுவது எதுவும் பாதத்துக்குத் தெரியாமல் போனது. ஒரு நாள் மாலை பஸ்சை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தவரைப் பார்த்துச் சுடலை கேட்டார்:

"ஏ புள்ள, ஒத்தச் செருப்ப எங்கன தானம் பண்ணிட்டு வந்த?"

சின்னத்தாய் குனிந்து பார்த்தார். இடது காலில் செருப்பு இருந்தது. வலது காலில் இல்லை. எந்த இடத்தில் கழன்றது என்று அவருக்குத் தெரியவில்லை. சுடலை சிரித்தார். சின்னத்தாய் சிரிக்கவில்லை.

மே 15ஆம் தேதி, திங்கட்கிழமை, விருதுநகரில் வியாபாரிகள் சங்கத்துக் கல்யாண மண்டபத்தில் சர்க்கரை நோயாளிகளுக்கான கால் பரிசோதனை முகாம் நடந்தது. பார்த்தவர் டாக்டர் பிரீத்திகா. கோயம்புத்தூர்க்காரர்; இந்த மாவட்டத்துக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. சின்னத்தாய் காலை நீட்டினார். மருந்து அறையில் வேலை பார்ப்பவர்கள் எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் பாத வெடிப்புகளில் அலுமினியப் பொடி தங்கிவிடும். பாதம் வெள்ளி பூசியது மாதிரி மினுங்கும்.

"கால்ல இது என்னங்கம்மா?"

"கம்பெனி மருந்தும்மா."

"மருந்து எத்தனை வருசமா?"

"இருபத்தியாறு வருசமா மருந்துலதான் இருக்கேன்."

சரியான கணக்கு இருபத்தைந்து வருடம் ஐந்து மாதம். அவர் எப்போதும் இருபத்தாறு என்றே சொல்வார்.

"மாத்திரையா, ஊசியா?"

இந்தக் கேள்வி மண்டபத்து இரைச்சலில் அவர் காதில் அரைகுறையாக விழுந்தது. எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்பதாக நினைத்து, "கையாலதாம்மா செலுத்துதோம்" என்றார்.

"இடையில நிறுத்துவீங்களா?"

"மளை பெஞ்சா நிறுத்திருவோம். தீவாளி முடிஞ்சா ஒரு மாசம் சுத்தமாக் கெடையாது."

டாக்டர் தாளிலிருந்து பேனாவை எடுத்துவிட்டார். "மழை பெஞ்சா ஏங்க நிறுத்தணும்?"

"நமத்துப் போகும்லம்மா. நமத்த மருந்து ஆளையே முடிச்சுரும்."

மருந்தைப் பத்திரமான இடத்தில் வைக்க வேண்டும் என்று டாக்டர் புத்தி சொன்னார். நாங்களும் அதைத்தான் தினமும் செய்கிறோம் என்று சின்னத்தாய் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். பிறகு டாக்டர் மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் பல இடங்களில் தொட்டு, தொடுவது தெரிகிறதா என்று கேட்டார். குதிகாலில் தெரிந்தது, விரல்களின் அடியில் தெரியவில்லை. பொடியைப் பஞ்சால் துடைத்தபோது வலது பெருவிரலுக்குக் கீழே உடைந்த கொப்புளம் ஒன்று இருந்தது. அறைக்கு அறை நடக்கும் சிமெண்டுப் பாதை மே மாத வெயிலில் சுட்டது. சின்னத்தாய்க்கு அது தெரியவே இல்லை. இனி ஒரு நிமிடம்கூட வெறுங்காலில் நடக்கக் கூடாது, நடந்தால் காலையே இழக்க நேரலாம் என்று டாக்டர் இரண்டு முறை சொல்லி, சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சீட்டைக் காட்டிச் செருப்புக்கு அனுமதி கேட்கலாம் என்று சின்னத்தாய் மறுநாள் மேனேஜர் மணிகண்டராஜிடம் போனார். மணிகண்டராஜ் கெட்ட மனிதர் அல்ல. வேறொரு ஆலையில் நடந்த விபத்தில் உறவுக்காரரை இழந்தவர். எதையும் ஒன்றுக்கு இரண்டு முறை படிப்பார். இதையும் படித்தார். இருபத்தாறு வருடமாக இன்சுலின் ஊசி, அடிக்கடி நிறுத்துகிறார் என்று அதில் ஆங்கிலத்தில் இருந்தது.

"இத ஏம்மா இத்தன வருசமாச் சொல்லல? ஊசி போடுதவகளுக்குத் திடீர்னு மயக்கம் வரும். மருந்து ரூமுக்குள்ள ஒருத்தருக்குத் தல சுத்துனா நாலு பேரு உசுரு."

ஊசியே போட்டதில்லை என்று சின்னத்தாய் எவ்வளவு சொல்லியும் எடுபடவில்லை. மே 17ஆம் தேதி கடிதம் கொடுத்துவிட்டார்கள். மறு உத்தரவு வரும்வரை மருந்து அறைக்குள் நுழையக் கூடாது. வாசலை ஒட்டி இருக்கும் பாக்கிங் பகுதியில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம். அங்கே செருப்புப் போடத் தடை இல்லை.

பாக்கிங் வேலை கேவலமான வேலை இல்லை. ஆனால் சின்னத்தாய் அந்தப் பிப்ரவரியில்தான் போர்மேன் பயிற்சி முடித்துத் தேறியிருந்தார். போர்மேன் முத்துக்கருப்பன் ஓய்வு பெறும் நாள் 30.06.2024. அவர் இடத்துக்குத் தகுதிச் சான்று வைத்திருந்தவர் எங்கள் ஆலையில் சின்னத்தாய் ஒருவர்தான். அங்கே ஒரு பெண் போர்மேன் ஆவது அதுவே முதல் தடவையாக இருக்கும். மருந்து அறைக்குள் கால் வைக்க முடியாதவர் போர்மேன் ஆக முடியாது. அறைக்குள் வெறுங்காலோடு போனால் கால் தங்காது.

அன்று மாலை புருஷனும் பெண்டாட்டியும் சீட்டோடு என்னிடம் வந்தார்கள். நான் தமிழில் சொல்லச் சொல்லச் சுடலை தலையைச் சொறிந்தார். டாக்டர் கேட்டதையும் தான் சொன்னதையும் சின்னத்தாய் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார். செலுத்துகிறோம் என்ற இடம் வந்ததும் சுடலை சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அடிப்பாவி, கோயமுத்தூர்க்காரிகிட்டப் போயி மருந்து செலுத்துதோம்னு சொன்னியா? நீ மருந்து ரூம்ல இருக்கன்னு அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

சின்னத்தாய்க்கு அப்போதுதான் விளங்கியது. "காலு வேணுமா, வேல வேணுமான்னு எல்லாரும் கேக்காக. எனக்கு ரெண்டும் வேணும். எத விடச் சொல்லுதீக?" என்று எங்கள் இருவரையும் பார்த்துக் கேட்டார். யாரும் எதையும் விடச் சொல்லவில்லை.

22ஆம் தேதி விருதுநகருக்குப் போய் டாக்டரிடம் விளக்கினார்கள். டாக்டர் பிரீத்திகா முதலில் விழித்தார், பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார், பிறகு நாற்காலியை விட்டு எழுந்து மன்னிப்புக் கேட்டார். தப்பு தன்னுடையதும்தான் என்று சின்னத்தாய் சொன்னார். டாக்டர் சீட்டைத் திருத்தி எழுதினார். சர்க்கரை தெரிந்து ஒரு வருடம், அதற்கு முன் தெரியாமல் சில வருடம் இருந்திருக்கலாம், ஊசி இல்லை. இருபத்தாறு வருடச் சர்க்கரை என்று நினைத்துத் தான் பயந்த அளவுக்கு இப்போது பயமில்லை, சர்க்கரை இறங்கினால் காந்தலும் குறையும், உணர்ச்சி முழுதும் திரும்பும் என்று மட்டும் வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். வெறுங்கால் கூடாது என்ற வரியை அவர் மாற்றவில்லை.

அன்று சொன்னதை எல்லாம் சின்னத்தாய் கடைப்பிடித்தார். மாத்திரையை ஒரு நாளும் விடவில்லை. டாக்டர் புதிதாக எழுதிக் கொடுத்த நரம்பு மாத்திரை முதலில் கிறக்கம் கொடுத்தது. விடுமுறை நாளில் தொடங்கியதால் சமாளித்தார். சுடுதண்ணீரையும் எருக்க இலையையும் நிறுத்தினார். தண்ணீரின் சூட்டை முழங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் காலில் ஊற்றினார். பிளேடால் காய்ப்பைச் சீவும் பழக்கத்தை விட்டார். காலைக் கழுவி, விரல் இடுக்குகளை ஈரம் இல்லாமல் துடைத்து, பாதத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவினார், இடுக்குகளில் தடவவில்லை. செருப்பைத் தட்டி உள்ளே கையை விட்டுப் பார்க்காமல் போடமாட்டார். மூன்று வேளைச் சோறு ஒரு வேளை ஆயிற்று. வேலை முடிந்து பஸ்சில் வரும் தூரத்தில் பாதியை நடந்தே வந்தார். புண் ஆறும்வரை அதுவும் இல்லை.

பாதத்தைத் தினமும் பார்ப்பது சுடலையின் வேலை. போன் வெளிச்சத்தில் பார்ப்பார்.

"மெட்டி போட்டு விட்டப்பக்கூட இந்தக் கால நான் இம்புட்டு நேரம் பாக்கல."

"அன்னைக்குப் பாத்திருந்தா ஓடிருப்பீக. பேசாமப் பாருங்க."

ஜூலை கடைசியில் புண் ஆறியது. ஆகஸ்டில் சர்க்கரை நூற்று எழுபத்திரண்டுக்கு வந்தது. காந்தலும் பாதியாகக் குறைந்துவிட்டதாகச் சொன்னார். மிளகாய் அம்பாரம் போய்க் கொத்தமல்லி அம்பாரம் ஆகிவிட்டது என்பது அவர் வார்த்தை.

மயக்க பயம் தீர்ந்ததால் மணிகண்டராஜ் இறங்கி வந்தார். செருப்பில் மட்டும் இறங்கவில்லை. உள்ளே செருப்பு வந்தால் லைசென்ஸ் போய்விடும் என்றார். அப்போதுதான் சின்னத்தாய் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"வெளிய இருந்து மண்ணு வரும்னுதான சார் பயம்? வெளியவே போகாத செருப்பா இருந்தா?"

மேனேஜர் யோசித்தார். மண் வராது, சரி. மின்னேற்றம்? செல்போன் ஆலைகளில் மின்னேற்றம் தங்காத செருப்புப் போடுவதை அவர் பார்த்திருந்தார். அதைச் சோதிக்கும் மீட்டரும் எங்கள் ஆலையிலேயே இருந்தது; செம்புத் தகட்டில் ஏறி நின்று கைப்பிடியைத் தொட்டால் பச்சை விளக்கோ சிவப்பு விளக்கோ எரியும். முதல் ஜோடியை அவரே வரவழைத்தார். பச்சை எரிந்தது. ஆனால் அடிப்பாகம் பலகை மாதிரி இருக்கிறது, இந்தக் காலுக்கு ஆகாது என்று டாக்டர் திருப்பி அனுப்பினார். உள்ளே மெத்தை வைத்து இரண்டாவது ஜோடி வந்தது. டாக்டருக்குப் பிடித்தது. மீட்டரில் சிவப்பு. விருதுநகரில் சர்க்கரைக்காரர்களுக்குச் செருப்புத் தைக்கும் சங்கரலிங்கம், கரி கலந்த மெத்து ரப்பரை வரவழைத்து மூன்றாவது ஜோடியைத் தைத்தார். ஆணி இல்லை, கொக்கி இல்லை, எல்லாம் நூல் தையல். 2024 பிப்ரவரி 20ஆம் தேதி சின்னத்தாய் அதைப் போட்டுக்கொண்டு தகட்டில் ஏறினார். பச்சை எரிந்தது. விரல்களுக்கு இடம் இருந்தது. டாக்டரும் ஒப்புக்கொண்டார்.

முத்துக்கருப்பன் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. நாற்பது வருடம் வெறுங்காலில் நின்றவர்.

"வெடி ஆபீசுக்குள்ள செருப்பா? அடுத்த தீவாளிக்குக் குடையும் பிடிச்சுக்கிட்டு வருவா பாரு."

"குடை வேண்டாம் அண்ணே. நீங்க பொளந்த வாய் நெழலே போதும்" என்றார் சின்னத்தாய்.

மேனேஜர் ஒத்துக்கொண்டால் மட்டும் போதாது, வெடிபொருள் உரிமம் கொடுக்கும் துறையின் அனுமதி வேண்டும். பிப்ரவரி 26ஆம் தேதி மனுவை நான் எழுதினேன், ஆலை அனுப்பியது. ஏப்ரல் 17ஆம் தேதி டாக்டர் பிரீத்திகா ஆலைக்கே வந்து எல்லார் காலையும் பார்த்தார். சின்னத்தாயைச் சேர்த்துப் பதினொரு பேருக்குச் சர்க்கரையும் பாதத்தில் உணர்ச்சிக் குறைவும் இருந்தன. அதில் ஒருவர் முத்துக்கருப்பன். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் சின்னத்தாயின் புதுச் செருப்புக்குள் அவர் கால் இருந்ததைப் பாக்கிங் பெண்கள் பார்த்துவிட்டார்கள். சும்மா அளவு பார்த்ததாகச் சொன்னார்.

23ஆம் தேதி துறையிலிருந்து ஆய்வாளர் வந்தார். செருப்பைத் திருப்பித் தட்டிப் பார்த்தார். ஒவ்வொரு அறை வாசலிலும் சின்னத்தாயைத் தகட்டில் நிற்க வைத்துக் குறித்துக்கொண்டார். மே 20ஆம் தேதி துறையின் கடிதம் வந்தது. செருப்பை யார் சுத்தம் செய்வார்கள், எங்கே வைப்பார்கள் என்று கேட்டிருந்தார்கள். கடைசியாக ஒரு கேள்வி: அனுமதி கேட்பது ஒருவருக்கா, பலருக்கா?

மணிகண்டராஜ் சின்னத்தாயைக் கூப்பிட்டு நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். ஒருவருக்கு என்றால் சீக்கிரம் முடியும். பதினொரு பேர் என்றால் திரும்ப ஆய்வு, திரும்பக் கேள்வி. ஜூன் 30 தாண்டிவிடும். போர்மேன் இடத்துக்கு வெளியிலிருந்து ஆள் எடுக்க வேண்டிவரும். முதலில் உங்களுக்கு வாங்குவோம், மற்றவர்களுக்கு அடுத்த வருடம் பார்ப்போம் என்றார்.

சின்னத்தாய் ஒரு நாள் அவகாசம் கேட்டார். வீட்டுக்குப் போய்ச் சுடலையிடம் கேட்டதாகவும், "நீ ஏற்கனவே முடிவு பண்ணிட்டு எங்கிட்ட எதுக்குக் கேக்க?" என்று அவர் சொன்னதாகவும் பிறகு தெரிந்தது. மறுநாள் நானும் இருந்தபோதுதான் மேனேஜரிடம் பேசினார்.

"போர்மேன்னா கூட நிக்கணும் சார். நான் செருப்புல நின்னுக்கிட்டு, கொப்புளக்காலோட நிக்கவகளப் பாத்து வேலை செய்யுன்னு எப்படிச் சொல்லுவேன்? பதினோரு பேருன்னே எழுதுங்க."

"கெடைக்காமப் போயிட்டா?"

"பாக்கிங்ல எனக்கு இடம் இருக்குல்லா."

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் எழுதினேன். பதினொரு பேரின் பெயர், டாக்டரின் சான்று, மீட்டர் அளவு எல்லாம் சேர்த்து மே 24ஆம் தேதி பதில் போயிற்று. ஆளுக்கு ஒரு ஜோடி தைக்கச் சங்கரலிங்கத்திடம் மேனேஜர் ஆர்டரும் கொடுத்தார். அனுமதி கிடைக்காவிட்டால் அந்தச் செருப்பு எதற்கு ஆகும் என்று கேட்டேன். கிடைக்காது என்று நீங்கள் எழுதினீர்களா என்று திருப்பிக் கேட்டார்.

ஜூன் இரண்டாவது வாரம் வரை பதில் இல்லை. போர்மேன் வேலைக்கு வெளியூர்க்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டும் போனார். சின்னத்தாய் பாக்கிங்கில் உட்கார்ந்து பெட்டி ஒட்டினார். கேட்டவர்களிடம், கால் ஆறிவிட்டது, அதுவே பாதி வெற்றி என்றார்.

கடிதம் வந்தபோது மணிகண்டராஜ் அதை வழக்கம்போல் இரண்டு முறை படித்தார். பிறகு பாக்கிங் பகுதிக்கே நடந்து வந்து, எல்லாருக்கும் கேட்கும்படி மூன்றாவது முறை தமிழில் சொன்னார். ஆலை வாசலை விட்டு வெளியே போகாத செருப்பு. தினமும் மீட்டர் சோதனை. டாக்டர் சான்று உள்ள எவரும் போடலாம். பதினொரு பேர் என்ற எண்ணிக்கைகூட அதில் இல்லை. இனி வருகிறவர்களுக்கும் சேர்த்தே கொடுத்திருந்தார்கள். சின்னத்தாய் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கையில் இருந்த பெட்டியை ஒட்டி முடித்துவிட்டுத்தான் எழுந்தார். முத்துக்கருப்பன், ஓய்வு பெற இன்னும் சில நாளே இருந்தபோதும், தனக்குரிய ஜோடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். ஜூலை முதல் தேதி அறைச் சாவிகளை அவர் கையிலிருந்து சின்னத்தாய் வாங்கினார். அன்று முதல் இன்றுவரை போர்மேன் அவர்தான்; அவர் காலில் புதிய புண் இல்லை.

துறையின் அந்தக் கடைசிக் கடிதம் ஆலைக்கு வந்த தேதி 19.06.2024, புதன்கிழமை.